உறுமிக்கு இல்லாத வயது ராப்புக்கு ஏன்?

எங்கள் ஜொகூர் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் உறுமி அடிப்பவருக்கு வயதாகிவிட்டதே என்று யாரும் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. மாசாயிலோ கூலாயிலோ காவடி கிளம்பும்போது, அறுபதைத் தாண்டிய ஒருவர் உறுமியைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்றால், கூட வந்த பையன்கள் தாமாகவே ஓரடி பின்வாங்கி அவர் கையைக் கவனிப்பார்கள். ஒரு பக்கத் தோலில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்க்க வேண்டும். மறு பக்கத்தை நேர்க்குச்சியால் அடிக்க வேண்டும். அடியைப் பையன்கள் ஒரு மாதத்தில் பிடித்துவிடுவார்கள். தேய்ப்புதான் வராது. எவ்வளவு அழுத்தினால் தோல் முனகும், எந்த இடத்தில் விட்டால் சாமி வந்தவர் தடுமாறாமல் நிற்பார் என்பதெல்லாம் கை பழுக்கப் பழுக்க வருவது. அதனால் உறுமிக்காரருக்கு வயது ஏறினால் மரியாதையும் ஏறுகிறது.

அதே ஊரில், அதே கோயில் மேடையில், நாற்பத்தைந்தைத் தாண்டிய நான் மைக்கைப் பிடித்தால் வரும் முதல் கேள்வி: "அண்ணே, இன்னும் ராப் பண்றீங்களா?"

கேட்பவர்களுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. கல்யாண விருந்திலும் கேட்பார்கள், குடிநுழைவு வரிசையில் பக்கத்து மோட்டாரில் இருப்பவரும் கேட்பார். ஆனால் இந்தக் கேள்வியை நான் பல ஆண்டுகளாக மனத்தில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு கலைக்கு வயது பலமாகவும் இன்னொன்றுக்கு வயது பாரமாகவும் ஆனது எப்படி? இரண்டுமே தாளத்தின் மேல் நிற்கும் கலைகள்தானே.

ஹிப்-ஹாப் பிறந்த கதையையே எடுத்துக்கொள்வோம். 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி, 1520 செட்ஜ்விக் அவென்யூ அடுக்ககம். பள்ளி திறக்கும் நேரத்தில் புதுத் துணி எடுக்கப் பணம் சேர்க்க ஒரு பெண் விருந்து ஏற்பாடு செய்தாள். ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பம். அவளுடைய அண்ணன் இசைத்தட்டு ஓட்டினான். அவன்தான் பின்னாளில் உலகம் அறிந்த டிஜே கூல் ஹெர்க். பாட்டில் பாடகர் ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் சில விநாடிகளில்தான் கூட்டம் துள்ளுகிறது என்பதைக் கண்டுகொண்டவர் அவர். ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு சுழல்மேடைகளில் வைத்து, ஒன்றில் அந்த இடம் முடியும்போது மற்றதில் தொடங்க வைத்து, சில விநாடியைப் பல நிமிடமாக்கினார். அந்தத் தாளத்தின் மேல் பேசத் தொடங்கியதுதான் ராப்.

இதில் என்னை எப்போதும் நிறுத்துவது ஒரு செய்தி. அந்தப் பதினெட்டு வயதுப் பையன் சுழற்றியது ஜேம்ஸ் பிரவுன் போன்ற மூத்தவர்களின் தட்டுகளை. வீட்டிலும் கடையிலும் கிடந்த பழைய தட்டுகள்தான் ஹிப்-ஹாப்பின் மூலதனம். பழையதைத் தூக்கி எறியாமல், அதிலுள்ள மிக உயிரான துண்டை அடையாளம் கண்டு மறுபடி ஓட விடுவதே இந்தக் கலையின் முதல் வேலை. அப்படிப் பிறந்த கலை தன் சொந்த மூத்தவர்களிடம் மட்டும் "இன்னுமா?" என்று கேட்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. அந்தக் கேள்வி கலைக்குள்ளிருந்து வந்ததல்ல என்றே நினைக்கிறேன். 1979-இல் 'ராப்பர்ஸ் டிலைட்' விற்ற விற்பனையைப் பார்த்து நிறுவனங்கள் உள்ளே வந்தன. வாங்குகிறவர்கள் இளைஞர்கள், ஆகவே பாடுகிறவனும் இளைஞனாகவே இருக்க வேண்டும் என்பது அந்தக் கடையின் கணக்கு. கடையின் கணக்கை நாம் கலையின் இலக்கணமாக எடுத்துக்கொண்டோம்.

நம் பக்கத்திலும் கதவைத் திறந்தது ஒரு பழைய பாட்டுதான். மலேசியத் தமிழ் ராப்பர் யோகி பி தொண்ணூறுகளிலேயே 'பொயட்டிக் அம்மோ' குழுவில் இருந்தவர். 1998-இல் வந்த அவர்களுடைய முதல் தொகுப்பு ஒரே ஒலிநாடாவில் பல மொழிகளில் ராப் பண்ணியது. அதை நாங்கள் ஆச்சரியமாகக் கேட்டோம். ஆனால் எங்கள் வீட்டுக் கூடத்துக்குள் ராப் நுழைந்தது 2006-இல், அவர் டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் இருவரோடும் 'நட்சத்திரா'வாக 'வல்லவன்' தொகுப்பைக் கொண்டுவந்தபோது. அதில் 'மடை திறந்து' இருந்தது. 1980-இல் 'நிழல்கள்' படத்துக்காக இளையராஜா இசையமைத்து எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடிய பாட்டு. அப்பா வைத்திருந்த கேசட்டுகளில் அது இருந்தது. ராப் என்றாலே வானொலியை அணைக்கிற மனிதர், அன்று கையை எடுத்துக்கொண்டு கேட்டார். அவருக்குத் தெரிந்த மெட்டு முதலில் வந்தது. அவர் மகன் வயதுக் குரல்கள் பின்னால் வந்தன. இரண்டையும் ஒன்றாக உட்கார்ந்து கேட்டோம். ராப்புக்காக அப்பாவும் நானும் ஒரே அறையில் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை.

அந்தக் காலத்து ஜொகூரையும் சொல்ல வேண்டும். அதே 2006-இல்தான் இஸ்கந்தார் மலேசியா மேம்பாட்டுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பே தோட்டங்கள் தாமான்களாக, அதாவது வீடமைப்புப் பகுதிகளாக, மாறத் தொடங்கிவிட்டன. மவுண்ட் ஆஸ்டின் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம் என்று இன்று அங்கே காப்பிக் கடைகளில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். ரினி தோட்டம் முத்தியாரா ரினி ஆனது. தோட்டம் போனாலும், தமிழ்ப்பள்ளிகளின் பெயரில் அது 'லாடாங்' என்ற மலாய்ச் சொல்லாக ஒட்டிக்கொண்டிருக்கிறது: லாடாங் மவுண்ட் ஆஸ்டின், லாடாங் ரினி, லாடாங் தெப்ராவ். மரமே இல்லாத இடத்தில் பிள்ளைகள் சட்டைப் பையில் தோட்டத்தின் பெயரை மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போகிறார்கள்.

தோட்டத்து லய வீடுகளை விட்டு மலிவு விலை அடுக்குமாடிக்கு வந்த தலைமுறை நாங்கள். சஞ்சய் குமார் பெருமாள் 2015-இல் எடுத்த 'ஜகாட்' படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த மாற்றம் ஒரு குடும்பத்துக்குள் என்ன செய்யும் என்று புரியும். தோட்டத்தில் நடவுக்கும் சாவுக்கும் பாட்டு இருந்தது. பாட்டி ஒப்பாரி வைத்தால் இறந்தவரின் மொத்த வாழ்க்கையும், கடன்கள் உட்பட, அதில் வந்துவிடும். அடுக்குமாடியில் எங்களுக்கென்று பாட்டு எதுவும் கிடையாது. படப்பாட்டு இருந்தது, ஆனால் அதில் பாசிர் கூடாங் தொழிற்சாலையும் வராது, போலீஸ் வழிமறிப்பும் வராது, மலாயும் தமிழும் கலந்து நாங்கள் பேசுகிற பேச்சும் வராது. ராப்பில் அதெல்லாம் வந்தது. எங்கள் சொந்தப் பெயரைச் சொல்லி, எங்கள் தாமான் பெயரைச் சொல்லிப் பாட இடம் கொடுத்த முதல் வடிவம் அது. நான் அதைப் பிடித்துக்கொண்டதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

'நான்' என்று தொடங்கும் கலை என்பதால்தான் அதில் வயது சிக்கலாகிறது. படப்பாட்டு எழுதுகிறவர் எழுபது வயதில் இருபது வயதுக் காதலுக்கு எழுதலாம், பாடுவது கதாபாத்திரம். ராப்பில் பாடுகிறவனே கதாபாத்திரம். நாற்பத்தைந்தில் நான் இருபத்திரண்டின் கோபத்தைப் பாடினால் கேட்பவருக்கு இரண்டாவது அடியிலேயே தெரிந்துவிடும். உடுப்பையும் தொப்பியையும் மாற்றிப் பயனில்லை. இன்றைய பையன்கள் ஓர் அடிக்குள் மும்மூன்றாகச் சொற்களை நெருக்கிப் பாடும் நடையை நானும் பழகினேன், வாய் வருகிறது. ஆனால் அந்த நடை எனக்கு எப்போது தேவை, எப்போது தேவையில்லை என்று தீர்மானிப்பது நான் சொல்ல வந்த சங்கதிதான்.

தமிழ் ராப்பின் தொழில் நுணுக்கம் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். ஏனென்றால் வயது எங்கே உதவுகிறது என்பது அங்கேதான் தெரியும். ஆங்கில ராப்பின் உயிர் அடியின் கடைசியில் வரும் ஒலி ஒற்றுமை. நமக்கு அது இயைபு. தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வந்து உட்காரும். அதனால் 'போகிறேன், வருகிறேன், சேர்கிறேன்' என்று இயைபு சும்மா கொட்டும். புதிதாக எழுத வரும் பையன்கள் எல்லாருமே இந்தச் சுலபத்தில் விழுவார்கள். முப்பது அடி எழுதி முப்பதும் 'கிறேன்' என்று முடியும். காதில் ஒன்றும் நிற்காது. நம் மொழியின் பலம் அடியின் தலையில் இருக்கிறது: எதுகையும் மோனையும். அருணகிரிநாதரின் சந்தத்தை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், தாளக்கருவி இல்லாமலே தலை ஆடும். தலையில் எதுகையைக் கட்டி, நடுவில் ஒரு தட்டுத் தட்டி, கடைசியில் இயைபை எதிர்பாராத இடத்தில் இறக்கினால்தான் தமிழ் ராப் தமிழாக ஒலிக்கும். என்னுடைய ஓர் ஈரடி முதலில் இப்படி இருந்தது:

பாலத்தைத் தாண்டித் தினமும் போகிறேன்
பாதி ராத்திரி வீடு சேர்கிறேன்

பொருள் உண்மைதான், ஒலி செத்தது. அதைக் கிழித்துப் போட்டு வேறு எழுதினேன்:

தோட்டம் போச்சு தாத்தா நட்டது
ஓட்டம் மட்டும் ஒட்டிக்கிட்டது

இரண்டாவதில் 'ட்ட' என்ற வல்லொலி மோட்டார் எஞ்சின் மாதிரி இடைவிடாமல் இடிக்கிறது; பாட்டனின் உழைப்பிலிருந்து பேரனின் ஓட்டத்துக்குத் தாவவும் முடிகிறது. இப்படி ஒன்றை விட்டு இன்னொன்றைத் தேடும் பொறுமை இருபத்திரண்டில் எனக்கு இருந்ததில்லை. அப்போது மூச்சு இருந்தது. இப்போது மூச்சு குறைந்திருக்கிறது. எழுதும்போதே எங்கே மூச்சு எடுப்பது என்று நோட்டில் சாய்கோடு போட்டுக்கொள்கிறேன். அந்தக் கோடு விழும் இடத்தில் மௌனம் வரும். மௌனம் வரும் இடத்தில் பொருள் ஏறும் சொல்லை வைக்கக் கற்றுக்கொண்டேன். குறைந்த மூச்சு என் எழுத்தைத் திருத்தியிருக்கிறது என்று தயங்காமல் சொல்வேன்.

சொல்ல வேண்டியது என்ன என்பதைக் காட்டியது கொரோனா ஊரடங்குக் காலம். ஜொகூரில் என்னைப் போல ஆயிரக்கணக்கானவர்கள் விடியுமுன் மோட்டாரில் பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் வேலை பார்த்து இரவில் திரும்புகிறவர்கள். 1924-இல் திறந்த பாலம், நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்தான். 2020 மார்ச் 18-ஆம் தேதி மலேசியா எல்லையை மூடியது. வேலையைக் காப்பாற்ற முந்தைய இரவே அவசரமாக அக்கரைக்குப் போனவர்களில் நானும் ஒருவன். தரைவழி முழுதாகத் திறக்க 2022 ஏப்ரல் 1 ஆனது. இடைப்பட்ட காலத்தில் மார்சிலிங்கில் பலரோடு பங்கிட்ட ஓர் அறையில் இருந்தேன். மாலையில் உட்லண்ட்ஸ் நீர்முனைக்கு நடந்தால் ஜொகூர் பாருவின் விளக்குகள் தெரியும். அங்கே நின்றுகொண்டு மகளோடு காணொளியில் பேசுவேன்; அவள் இருக்கும் கரை கண்ணெதிரே. இரவில் போர்வையை மூடிக்கொண்டு, சத்தம் வெளியே போகாமல், கைப்பேசியில் சில அடிகளைப் பதிவு செய்தேன். தாளமும் கிடையாது, மெட்டும் கிடையாது. வாடகை, அம்மாவின் மருந்து, மகளின் உயரம் கூடுவதைத் திரையில் பார்ப்பது, இதுதான் பொருள்.

அதை அறையில் இருந்தவர்கள் கேட்டார்கள். பிறகு அவர்களுடைய வீட்டார் கேட்டார்கள். ஒரு கிரேன் ஓட்டுநர், ஐம்பது வயதைத் தாண்டியவர், ராப் என்றால் என்ன என்று கூடக் கேட்காமல், "தம்பி, அந்த மருந்து வாங்குற எடத்த இன்னொரு தடவ போடு" என்றார். பார்வை எண்ணிக்கை சில நூறுதான் இருக்கும். ஆனால் பாட்டு அவருக்குத் தேவைப்பட்டது. காலத்துக்குப் பொருந்துவது பற்றி யாராவது கேட்டால் எனக்கு அந்த ஓட்டுநரின் முகம்தான் நினைவுக்கு வருகிறது.

உலகத்திலும் இந்த வழக்கு நடந்துகொண்டுதான் இருக்கிறது. ராப்பில் பெரிய கைகாரரான ஆண்ட்ரே 3000, 2023-இல் நாற்பத்தெட்டு வயதில் குழலிசைத் தொகுப்பு வெளியிட்டார். இந்த வயதில் ராப்பில் சொல்லத் தன்னிடம் பெரிதாக ஒன்றுமில்லை என்ற உணர்வை வெளிப்படையாகவே பேசினார். அவருடைய நேர்மையை மதிக்கிறேன், முடிவை ஏற்கவில்லை. அவர் குறிப்பிட்டது போல, கண் மங்குவதும் உடம்பைச் சோதித்துக்கொள்வதும் ராப்புக்கு ஆகாத விஷயங்கள் என்று யார் சொன்னது? ஜே-ஸீ நாற்பத்தேழு வயதில், 2017-இல், '4:44' வெளியிட்டார். மனைவிக்கு இழைத்த துரோகம், தாயின் மறைத்து வைத்த வாழ்க்கை, பிள்ளைகளுக்கு விட்டுப்போகும் சொத்து, எல்லாம் அதில் வந்தன. நாஸ் தன் முதல் கிராமி விருதை வாங்கியதும் நாற்பத்தேழு வயதில்தான், 2021-இல். இருபது வயதில் 'இல்மாட்டிக்' எழுதிய மனிதர் அவர்.

நம்மிடையே இந்தக் கேள்விக்கு இன்னொரு முடிச்சு உண்டு: கோடம்பாக்கம். சென்னையிலிருந்து ஓர் அழைப்பு வந்தால்தான் மலேசியத் தமிழ்ப் பாடகன் கரையேறினான் என்று நம் பையன்கள் நம்புகிறார்கள். யோகி பி போனார். 'பொல்லாதவன்', 'ஆடுகளம்', 'விவேகம்', 'காலா' என்று ஜி.வி. பிரகாஷ், அனிருத், சந்தோஷ் நாராயணன் ஆகியோரின் இசையில் பாடினார். எல்லாரும் அவரைவிட இளையவர்கள். அந்தப் படங்களில் எனக்குப் பிடித்தது அவர் போனது அல்ல. போன இடத்தில் தன் கனத்த, அவசரப்படாத குரலை மாற்றிக்கொள்ளாதது. 1998-இல் கேட்ட குரலும் 2018-இல் 'காலா'வில் கேட்ட குரலும் ஒரே ஆளுடையவை. அவர்களுக்கு அந்தக் குரல்தான் வேண்டியிருந்தது. இளையவர்களின் நடையை நகலெடுத்திருந்தால் அவரை அழைத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை, இளையவர்களையே அழைத்திருப்பார்கள்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இளைஞர்களிடம் வயது இல்லை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். 2021-இல் பாடகி தீ-யும் ராப்பர் அறிவும் பாடிய 'என்ஜாய் எஞ்சாமி' உலகமெல்லாம் ஓடியது. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். அங்கிருந்து தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட குடும்பம். அந்தப் பாட்டுக்குள் பேரனின் வேகமும் பாட்டியின் வாழ்க்கையும் ஒன்றாக இருக்கின்றன. கூலாயில் ஓர் எண்பது வயது அம்மா, ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர், பேரன் கைப்பேசியில் அதைக் கேட்டுவிட்டு, "இது நம்ம தோட்டத்து ஆளுங்க பாட்டுதானே?" என்று கேட்டார். இலங்கை மலையகம் வேறு, மலாயா வேறு. அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை, தெரிய வேண்டியதும் இல்லை. அக்கரையில் சிங்கப்பூரின் யங் ராஜா தமிழையும் ஆங்கிலத்தையும் ஒரே மூச்சில் பிசைந்து பாடுகிறார். அந்தத் துள்ளல் எனக்கு வராது, வர வேண்டும் என்ற ஆசையும் இல்லை. கேட்கும்போது மகிழ்ச்சியாக இருக்கிறது.

ஆக, எனக்கு இப்போது ஒரு வேலை தெளிவாகத் தெரிகிறது. ஹெர்க் கையில் எடுத்த தட்டுகள் போல, பின்னால் வருகிறவன் வெட்டி எடுக்கத் தகுந்த கெட்டியான துண்டுகளை விட்டுவைப்பது. அதற்கு மேடையில் முதல் ஆளாக நிற்க வேண்டியதில்லை. ஆனால் எழுத வேண்டும், வாய்ப் பழக்கம் விடாமல் இருக்க வேண்டும், தன் வயதில் தனக்கு மட்டுமே தெரிந்ததை எழுத வேண்டும். கோயிலை இடம் மாற்றியபோது சிலையைத் தூக்கி வந்தவர்கள் யார். இடுகாடு எந்த நெடுஞ்சாலைக்குக் கீழே போயிற்று. தோட்ட மேற்பார்வையாளரான மண்டோரிடம் அடி வாங்கியவர் பிறகு அவருக்கே சம்பந்தியானது எப்படி. பத்து ஆண்டு கழித்து இதைச் சொல்ல ஆள் இருக்கமாட்டார்கள். சொல்லக்கூடிய கடைசித் தலைமுறை நாங்கள்தான்.

சென்ற ஆண்டு முதல் ஒரு பாட்டில் உட்கார்ந்திருக்கிறேன். ஜொகூரில் மறைந்த தோட்டங்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லும் பாட்டு. பெரியவர்களைக் கேட்டுக் கேட்டுச் சேர்க்கிறேன். ஆங்கிலத் துரைமார் வைத்த பெயர் ஒன்று, நம் ஆட்கள் கூப்பிட்ட பெயர் வேறு. சந்தத்தில் உட்காருவது பெரும்பாலும் நம் ஆட்களின் பெயர்தான். நீளம் நான்கு நிமிடத்துக்கு மேல் போகிறது. ஸ்கூடாயில் வீட்டு அறையில் இசை கோக்கும் ஒரு தம்பி, என் மகளைவிட நாலைந்து வயதுதான் மூத்தவன், கேட்டுவிட்டு நேரே சொன்னான்: "அண்ணே, இவ்ளோ நீளம் யாரும் கேக்க மாட்டாங்க. நடுவுல வர்ற அந்த எட்டு பார் மட்டும் எனக்குக் குடுங்க. கீழ என் பீட்ட போட்டுக்கிறேன்." பதினைந்து விநாடிக் காணொளிக்கு அது போதும் என்பது அவன் கணக்கு.

முழுப் பாட்டையும் நான் வெளியிடத்தான் போகிறேன், நான்கு நிமிடமும். அவன் கேட்ட எட்டையும் கொடுத்துவிட்டேன். குரலை ஏற்று, இறக்கு, வேகத்தைக் கூட்டு, முன்னுக்குப் பின் மாற்றிப் போடு, உன் பெயரை முதலில் போட்டுக்கொள், எனக்கு ஒன்றுமில்லை என்றேன். பெயர்களை மட்டும் பாதியில் வெட்டக் கூடாது, தெப்ராவ் என்றால் தெப்ராவ் முழுதாகக் கேட்க வேண்டும். அவன் தலையாட்டிவிட்டு, அந்தத் தோட்டம் எங்கே இருந்தது என்று கேட்டான். அவன் தினமும் மோட்டாரில் கடக்கிற சாலையைச் சொன்னேன்.